நகலில் குடியிருக்கும் தெய்வம்: எத்தியோப்பியக் கிறித்தவக் கலையை முன்வைத்து

(கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து இணைய நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரிதும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

டொராண்டோவில் இப்போது காலை, சிங்கப்பூரில் பின்னிரவு. இரு பக்கத்திலிருந்தும் தூக்கத்தைத் தள்ளிவைத்து வந்திருக்கிறீர்கள். நன்றி.

தமிழ் இலக்கியக் கூட்டத்தில் எத்தியோப்பியாவைப் பற்றி ஏன் பேச வேண்டும், அதுவும் ஜெர்மனியின் ஒரு நடுத்தர நகரத்திலிருந்து? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 2022 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பதினொன்றாம் பேரவை இந்தக் கார்ல்ஸ்ரூஹே நகரில் நடந்தது. ஜெர்மனியில் அந்தப் பேரவை கூடியது அதுவே முதல்முறை. 350க்கும் மேற்பட்ட திருச்சபைகள் அந்த மன்றத்தில் உறுப்பினர். அவற்றில் எத்தியோப்பியாவின் ‘தெவாஹெதோ’ மரபுவழித் திருச்சபையும் ஒன்று. தெவாஹெதோ என்றால் ‘ஒன்றாக்கப்பட்டது’ என்று பொருள். பேரவையின் கருப்பொருளும் ஒப்புரவும் ஒற்றுமையும்தான். ஆனால் அந்த நாட்களில் எத்தியோப்பியாவின் வடக்கே, திக்ராயில், போர் நடந்துகொண்டிருந்தது. சில மாத ஓய்வுக்குப் பிறகு ஆகஸ்ட் 24இல்தான் அது மறுபடியும் மூண்டிருந்தது. இங்கே திருவிழா மேடையில் ஒற்றுமையைப் பாடிக்கொண்டிருந்தபோது, அங்கே ஒரே திருச்சபையின் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள்.

போர் நடந்த அந்த நிலம்தான் எத்தியோப்பியக் கிறித்தவம் பிறந்த நிலம், அதன் கலை பிறந்த நிலம். போர் என்றால் என்னவென்று தெரிந்த, நூலகம் எரிந்ததைப் பார்த்த, கோயிலும் தேவாலயமும் குண்டுபட்டதைப் பார்த்த ஒரு சமூகம் நாம். எனவே இது நமக்கு அந்நியமான பேச்சு அல்ல.

இன்று நான் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன். அந்தச் சொல் ‘நகல்’. நகல் என்றால் நாம் மட்டமாக நினைக்கிறோம். அசலுக்கு ஒரு படி கீழ். எத்தியோப்பியக் கலையைப் பார்க்கப் பார்க்க அந்த எண்ணம் எனக்கு மெல்ல மாறியது. எப்படி என்று சொல்கிறேன்.

*

முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தை ஒதுக்கிவைப்போம். கிறித்தவம் என்றாலே ஐரோப்பியரின் கப்பலில் வந்தது என்ற எண்ணம். கேரளத்தின் சிரியன் கிறித்தவர்களை அறிந்தவர்களுக்கு அது சரியில்லை என்று தெரியும். எத்தியோப்பியாவின் கதை இன்னும் தெளிவானது. இன்று நாம் ஜெர்மனி என்று சொல்லும் நிலத்தின் பெரும்பகுதி கிறித்தவத்தை ஏற்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, நான்காம் நூற்றாண்டில், அக்சூம் அரசன் எசானா கிறித்தவனாகிவிட்டான்.

அந்தக் கதையை ரூஃபினஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். தீர் நகரத்துத் தத்துவஞானி ஒருவர் இரண்டு சிறுவர்களோடு கடற்பயணம் வருகிறார். துறைமுகத்தில் கப்பல் தாக்கப்பட்டு எல்லாரும் கொல்லப்படுகிறார்கள். மரத்தடியில் படித்துக்கொண்டிருந்த அந்த இரு சிறுவர்கள் மட்டும் தப்புகிறார்கள். அரசனிடம் கொண்டுபோகப்படுகிறார்கள், அரண்மனையில் வளர்கிறார்கள். அவர்களில் ஒருவரான ஃப்ருமென்டியஸ் பின்னால் அலெக்சாந்திரியா சென்று, அத்தனாசியுஸின் கையால் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டுத் திரும்பிவருகிறார். இன்றும் எத்தியோப்பியர்கள் அவரை ‘அப்பா செலாமா’, அமைதியின் தந்தை, என்று அழைக்கிறார்கள்.

இதில் நமக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ரூஃபினஸ் அந்த நாட்டை எத்தியோப்பியா என்று சொல்லவில்லை, ‘இந்தியா’ என்கிறார். செங்கடலுக்கு அப்பால் இருந்ததெல்லாம் அவர்களுக்கு இந்தியாதான். அறியாமை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கப்பல்காரனின் கண்ணில் அது அவ்வளவு பெரிய தவறு அல்ல. அக்சூமின் துறைமுகமான அதூலிஸும் நம் கடற்கரைகளும் ஒரே பருவக்காற்றின் இரு முனைகள். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற வணிகத் துறவி அதூலிஸுக்குப் போய் அங்கிருந்த கல்வெட்டைப் படியெடுக்கிறார். அதே நூலில் ‘தாப்ரொபேன்’ என்ற இலங்கையின் வணிகத்தையும், அங்கே பாரசீகக் கிறித்தவர்களின் ஆலயம் ஒன்று இருந்ததையும் எழுதுகிறார். திக்ராயில் தேப்ரே தாமோ என்ற மலைமடம் இருக்கிறது. செங்குத்தான பாறை. கயிற்றைப் பிடித்துத்தான் மேலே ஏற முடியும். அங்கே 1940 வாக்கில் குஷானர் காலத்துப் பொற்காசுகள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. இந்தியக் காசுகள், எத்தியோப்பிய மடத்தில்.

எசானாவின் சொந்தக் காசுகளைப் பார்த்தாலே மதமாற்றம் தெரிந்துவிடும். முந்தைய காசுகளில் பிறையும் வட்டும். பிந்தைய காசுகளில் அதே இடத்தில் சிலுவை. சிலுவை பொறித்த உலகின் மிகப் பழைய காசுகளில் அவையும் சேரும். அரசன் மனம் மாறியதை ஒரு கல்வெட்டு சொல்வதைவிட, சந்தையில் கைமாறும் காசு சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

எழுத்தையும் சொல்லிவிட வேண்டும். கீஸ் மொழியின் பழைய எழுத்துகளில் மெய் மட்டுமே இருந்தது. எசானாவின் காலத்தையொட்டி, ஒவ்வொரு மெய்க்கும் உயிரேறும்போது வடிவம் சற்று மாறும் முறை வந்தது. ஒரு எழுத்துக்கு ஏழு வடிவம். க, கா, கி, கீ என்று படித்து வளர்ந்த நமக்கு அந்த அட்டவணையைப் பார்த்ததும் அரிச்சுவடி ஞாபகம் வரும். இந்த மாதிரி எழுத்து முறைக்கு மொழியியலாளர்கள் இன்று வைத்திருக்கும் பெயரே, ‘அபுகிடா’, எத்தியோப்பிய எழுத்துகளின் பெயரிலிருந்து எடுத்ததுதான்.

*

இனி ஓவியம். அத்வாவுக்கு அருகே அப்பா கரிமா மடத்தில் இரண்டு நற்செய்தி நூல்கள் இருக்கின்றன. ஆட்டுத்தோலில் எழுதி, வண்ணம் தீட்டியவை. புனித கரிமா ஒரே நாளில் எழுதி முடித்தார், அவர் முடிக்கும்வரை சூரியன் மறையாமல் காத்திருந்தது என்பது மடத்தின் கதை. அறிஞர்கள் வெகுகாலம் இவற்றைப் பதினோராம் நூற்றாண்டு என்றே எண்ணிவந்தார்கள். தோலின் துணுக்கை ஆக்ஸ்ஃபோர்டில் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது நான்காம் நூற்றாண்டுக்கும் ஏழாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலம் என்று வந்தது. அதாவது ஓவியங்களோடு கூடிய உலகின் மிகப் பழைய நற்செய்தி நூல்களில் இவை நிற்கின்றன. இவை எந்த ஐரோப்பிய அருங்காட்சியகத்திலும் இல்லை. எழுதப்பட்ட நாட்டிலேயே, ஒரு மடத்தில், துறவிகளின் கையில் இருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அடுத்து லாலிபெலா. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட அரசனின் பெயர் அது. இன்று ஊருக்கும் அதே பெயர். பாறையைக் குடைந்து எடுத்த பதினொரு தேவாலயங்கள். 1978இல் யுனெஸ்கோ தன் உலக மரபுச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே இவற்றைச் சேர்த்தது. இவற்றில் புனித ஜார்ஜ் ஆலயத்தின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரைமட்டத்தில் ஒரு சிலுவை படுத்திருப்பது போலத் தெரியும். அருகே போனால்தான் அது ஒரு கட்டடத்தின் கூரை என்றும், கட்டடம் சுமார் 12 மீட்டர் பள்ளத்துக்குள் நிற்கிறது என்றும் புரியும்.

இதை ஐரோப்பிய எழுத்தாளர்கள் எட்டாவது அதிசயம் என்று வியந்து எழுதுவார்கள். நமக்கு வியப்பு உண்டு, ஆனால் திகைப்பு வேண்டாம். கழுகுமலைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். அங்கே வெட்டுவான் கோயில், பாண்டியர் காலம், ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டு. மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சிகரம் முடிந்திருக்கிறது, அடித்தளம் முடியவில்லை. கல்லை அடுக்கிக் கட்டுகிறவன் தவறினால் கல்லை மாற்றலாம். மேலிருந்து குடைந்துவருகிறவனுக்கு அந்த வசதி இல்லை. முதல் உளி விழும்போதே முழுக் கோயிலும் அவன் மனதில் இருக்க வேண்டும். கழுகுமலைச் சிற்பிக்கும் லாலிபெலாவின் சிற்பிக்கும் இடையே தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே வேலையை, ஒரே ஆபத்தோடு செய்தவர்கள் என்று மட்டும் சொல்கிறேன். இரண்டு ஊரிலும் மக்கள் அதற்குக் கதை கட்டினார்கள். இங்கே தந்தைச் சிற்பிக்கும் மகனுக்கும் போட்டி. அங்கே பகலில் மனிதர் செதுக்க, இரவில் தேவதூதர்கள் வந்து இரு மடங்கு செதுக்கினார்கள்.

நம் சொல்லுக்கு வருகிறேன். லாலிபெலாவில் ஓடும் சிற்றோடைக்கு யோர்தான் என்று பெயர். ஒரு ஆலயத்துக்குக் கொல்கொதா, இன்னொன்றுக்குப் பெத்லகேம். எருசலேமை 1187இல் சலாவுதீன் கைப்பற்றிய பிறகு யாத்திரை கடினமானது, அதனால் எருசலேமை இங்கேயே அமைத்தான் அரசன் என்பது மரபு. பல ஆலயங்கள் அவனுக்கு முன்னும் பின்னும் குடையப்பட்டவை என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எப்படியாயினும் அந்தப் பெயர்கள் நிலைத்துவிட்டன. நமக்கு இது புதிதா? கங்கை நீரைக் கொண்டுவந்து சோழகங்கம் என்று ஏரி வெட்டியவன் நம் ராஜேந்திரன். காசிக்குப் போக முடியாதவனுக்குத் தென்காசி கட்டினான் ஒரு பாண்டியன். தொலைவில் இருக்கும் புனிதத்தை இங்கே எழுந்தருளச் செய்யலாம் என்ற நம்பிக்கை அது. அசல் ஊர் அங்கேயே இருக்கிறது. நகல் ஊரிலும் தெய்வம் குறைவில்லாமல் இருக்கிறது.

*

பதினைந்தாம் நூற்றாண்டில் சாரா யாக்கோப் என்ற அரசன் ஆண்டான், 1434 முதல் 1468 வரை. மாதா பக்தியை அவன் நாடெங்கும் கட்டாயமாக்கினான். ஆண்டுக்கு முப்பதுக்கும் மேல் மாதா திருநாட்கள். மாதாவின் அற்புதங்கள் என்ற நூலை ஆலயங்களில் வாசிக்க ஆணை. வழிபாட்டுக்குப் படம் வேண்டுமே? பலகையில் தீட்டிய திருவோவியங்கள் பெருகுகின்றன. அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஓவியர் ஒரு துறவி, பெயர் ஃப்ரே செயோன். தானா ஏரித் தீவு மடம் ஒன்றில் அவர் பெயர் எழுதிய படம் இருக்கிறது. அவர் மரபில் வரும் படங்களில் மாதாவின் கையில் பூங்கிளை இருக்கும், குழந்தையின் கையில் ஒரு சிறு பறவை. இருபுறமும் மிக்கேலும் கபிரியேலும் வாளேந்தி, இறகை விரித்துப் பந்தல்போல நிழல் தருவார்கள்.

எத்தியோப்பிய ஓவியத்தில் எல்லாரும் முதலில் கவனிப்பது கண்கள். பெரிய, அகன்ற கண்கள். கருவிழி ஓரத்துக்கு ஒதுங்கிப் பக்கத்தில் யாரையோ பார்க்கும். அங்கே ஓர் இலக்கணம் உண்டு. நல்லவர்களுக்கு இரண்டு கண்களும் தெரியும்படி முகத்தைத் திருப்பித்தான் வரைவார்கள். தீயவர்களை, யூதாஸை, சாத்தானை, சிலுவையில் அறையும் வீரனைப் பக்கவாட்டில் வரைவார்கள். ஒரு கண்தான் தெரியும். படிக்கத் தெரியாத கிழவியும் படத்தைப் பார்த்ததும் யார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள். நம் தெருக்கூத்தில் முடியையும் முகப்பூச்சையும் பார்த்தே பாத்திரத்தைச் சொல்லிவிடுவதுபோல.

கோயிலில் மட்டுமல்ல, நோயாளியின் உடம்பிலும் அந்தக் கண் இருக்கும். ‘தெப்தெரா’ என்று அழைக்கப்படும் ஆலயப் புலவர்கள் நோய் தீர்க்கும் தோல்சுருள்கள் எழுதித் தருவார்கள். நோயாளியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு நீளம் தோல். அதில் மந்திர மன்றாட்டுகள், நடுநடுவே விழித்துப் பார்க்கும் கண்கள். நம் தாயத்துத் தகட்டுக்கும் யந்திரத்துக்கும் ஒன்றுவிட்ட சகோதரன்.

இனித்தான் நகலின் பெரிய கதை. ரோமில் சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்தில் ஒரு பழைய மாதா படம் இருக்கிறது. சேசு சபையினர் அதை அச்சுப்படங்களாக்கி உலகமெங்கும் எடுத்துச் சென்றார்கள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது கோவா வழியே எத்தியோப்பியாவுக்கும் போனது. ஓர் அரசன் கத்தோலிக்கத்துக்கு மாறினான், நாடு கொந்தளித்தது. 1632இல் அரசேறிய அவன் மகன் ஃபசிலதாஸ் சேசு சபையினரை நாட்டைவிட்டே துரத்தினான். ஆனால் பாருங்கள், பாதிரியைத் துரத்தியவர்கள் படத்தைத் துரத்தவில்லை. அந்த மாதா அங்கேயே தங்கிவிட்டாள். எத்தியோப்பிய ஓவியர்கள் அவளுக்குத் தங்கள் நாட்டுக் கண்களைக் கொடுத்தார்கள், பூவேலைத் துணி உடுத்தினார்கள், இருபுறமும் வாளேந்திய தூதர்களை நிறுத்தினார்கள். நூறு ஆண்டுகளில் அவள் எத்தியோப்பியத் தாயாகிவிட்டாள். பதினெட்டாம் நூற்றாண்டில் தானா ஏரித் தீவிலுள்ள நார்கா செலாசி ஆலயத்தில், அரசி மென்தெவாப் அந்த மாதாவின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருக்கும் காட்சியை வரைந்திருக்கிறார்கள். வேளாங்கண்ணியில் மாதாவுக்குப் புடவை சாத்துகிற நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

ஃபசிலதாஸ் கோண்டாரில் கட்டிய கோட்டையிலும் நம் பக்கத்துக் கை இருக்கிறது. 1648இல் அங்கே வந்த யேமன் நாட்டுத் தூதர் அல்ஹைமி, அந்த மாளிகையைக் கட்டியவர் ஓர் இந்தியக் கொத்தனார் என்று எழுதிவைத்திருக்கிறார். கையெழுத்து நூல்களின் மரப்பலகை அட்டைக்கு உட்புறம் பதித்த துணிகளிலும் இந்தியத் துணிகள் உண்டு. திறந்தால் மட்டுமே தெரியும் இடத்தில், எந்த ஊர்த் தறியிலோ நெய்த ஒரு துண்டு.

*

இனிச் சொல்லப்போவது நமக்கு அவ்வளவு இனிமையானதல்ல.

எத்தியோப்பிய ஆலயம் ஒன்றை ஆலயமாக்குவது அதன் சுவர் அல்ல, படமும் அல்ல. உள்ளே கருவறையில் வைத்திருக்கும் ‘தபோத்’. மோசேக்குக் கொடுத்த பத்துக் கட்டளைப் பலகையின், அதைத் தாங்கிய உடன்படிக்கைப் பேழையின் அடையாளமாக அமைந்த மரப்பலகை அல்லது கற்பலகை. அசல் பேழை அக்சூமில் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஒவ்வோர் ஊர் ஆலயத்திலும் அதன் நகல் இருக்கிறது. குருமாரைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. ஜனவரியில் திம்கெத் திருவிழா அன்று பட்டுத்துணியால் மூடி, குருவின் தலைமேல் வைத்து, வண்ணக்குடை பிடித்து ஊர்வலமாக நீர்நிலைக்குக் கொண்டுபோவார்கள். உற்சவமூர்த்தி தீர்த்தவாரிக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குடையும் கூட்டமும் நன்றாகப் புரியும்.

1868இல் பேரரசன் தெவோத்ரோஸ் சில ஐரோப்பியரைச் சிறைபிடித்து வைத்திருந்தான். அவர்களை மீட்க பிரிட்டன் படை அனுப்பியது. தளபதி ராபர்ட் நேப்பியர், பம்பாய்ப் படையின் தலைவர். சுமார் 13,000 வீரர்கள், பெரும்பாலோர் இந்தியர். பீரங்கி இழுக்க 44 யானைகளும் இந்தியாவிலிருந்து கப்பலேறின. படை இறங்கிய கடற்கரை எது தெரியுமா? பழைய அதூலிஸுக்குப் பக்கத்தில். காஸ்மாஸ் இறங்கிய அதே கரை. அந்தப் படையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் இருந்தார்கள். சென்னை மாகாணத்தின் தமிழரும் தெலுங்கரும் நிறைந்த பொறியாளர் படை. சாலையும் பாதையும் அமைத்து, மலைமேல் யானை ஏற வழிசெய்தவர்கள். பெங்களூரில் இன்றும் இயங்கும் அந்தப் படைப்பிரிவின் போர்விருதுகளில் ‘அபிசீனியா’ என்ற சொல் இன்றும் இருக்கிறது.

1868 ஏப்ரல் 13இல் மக்தலா கோட்டை விழுந்தது. தெவோத்ரோஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். பிறகு கொள்ளை. அவன் ஒரு பெரிய ஆலயம் கட்ட எண்ணி கோண்டாரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் சேர்த்துவைத்திருந்த கையெழுத்து நூல்கள், கிரீடங்கள், சிலுவைகள், தபோத்துகள். அவற்றைச் சுமக்க 15 யானைகளும் ஏறக்குறைய 200 கோவேறு கழுதைகளும் வேண்டியிருந்தன. இரண்டு நாள் ஏலம் நடத்தி அந்தப் பணத்தை வீரர்களுக்குப் பங்கிட்டார்கள். சுமார் 350 நூல்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன, இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில். நம் தாத்தாக்களின் தாத்தாக்களில் சிலர் அந்த மலையடிவாரத்தில் நின்றிருப்பார்கள். அடிமைப்பட்ட நாட்டின் கூலிப்படை என்று சமாதானம் சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் காலனியத்தில் நாம் எப்போதும் இழந்தவர்களாக மட்டுமே இருந்தோம் என்று இனிச் சொல்ல முடியாது. சில இடங்களில் நம் தோளும் சுமை தூக்கியது.

அந்தக் கொள்ளையில் ஒரு படமும் போனது. ‘குவெராத்தா ரெயெசு’, முள்முடி தரித்த கிறிஸ்து. இதில் வேடிக்கை, அது எத்தியோப்பியர் வரைந்ததே அல்ல. 1500ஐ ஒட்டி ஐரோப்பியர் ஒருவர் வரைந்தது, யார் வழியாகவோ அரண்மனைக்கு வந்தது. ஆனால் எத்தியோப்பிய அரசர்கள் அதைப் போருக்கு முன்னால் எடுத்துச்சென்றார்கள், அதன் முன்னால் சத்தியம் வாங்கினார்கள். 1744இல் சென்னார் படையிடம் பறிகொடுத்து, மீட்புப்பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றார்கள். மக்தலாவில் அதை எடுத்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் சார்பில் படையோடு போயிருந்த ரிச்சர்ட் ஹோம்ஸ். அருங்காட்சியகத்துக்குக்கூடக் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஓவிய வரலாற்றுக்காரருக்கு அது ஓர் ஐரோப்பியப் படம். அதன் முன்னால் மண்டியிட்டவர்களுக்கு அது எத்தியோப்பியாவின் காவல் தெய்வம். யார் வரைந்தார் என்பதா, யார் வணங்கினார் என்பதா, எது ஒரு பொருளின் ஊரை முடிவு செய்கிறது?

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 11 தபோத்துகள் இருக்கின்றன. அவற்றைக் காட்சிக்கு வைப்பதில்லை, காப்பாளர்கள்கூடப் பார்ப்பதில்லை. அது மரியாதைதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரும் பார்க்க முடியாத, யாரும் ஆய்வு செய்ய முடியாத, யாரும் வணங்கவும் முடியாத பொருள்கள் ஓர் அருங்காட்சியகத்தில் எதற்கு? எடின்பரோவில் ஒரு தேவாலயத்தின் அலமாரியில் கிடந்த தபோத் ஒன்றை அந்த ஆலயத்தாரே கண்டெடுத்து 2002இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதிஸ் அபாபாவில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டு வரவேற்றார்கள்.

நான் இருக்கும் இந்த நகரத்தில் பழைய அரண்மனை ஒன்று உண்டு, பாடன் மாநில அருங்காட்சியகம் அதில்தான். அதன் புகழ்பெற்ற தொகுப்புக்குப் பெயரே ‘கார்ல்ஸ்ரூஹே துருக்கிக் கொள்ளை’. ஒட்டோமான் படையோடு போரிட்ட பாடன் சிற்றரசன் லுட்விக் வில்ஹெல்மின் பெயரோடு இணைந்த சேணங்கள், விற்கள், வாள்கள். பெயரிலாவது ஒளிவுமறைவு இல்லை. பக்கத்து ஸ்டுட்கார்ட்டின் லிண்டன் அருங்காட்சியகத்திலிருந்து காஷ்மீரத்துத் துர்க்கை 2015இல் இந்தியாவுக்குத் திரும்பினாள். நம் பத்தூர் நடராசர் லண்டன் நீதிமன்றம்வரை போய் 1991இல் ஊர் திரும்பினார். ஆனால் திரும்பி வந்ததோடு கதை முடிவதில்லை. மீட்டெடுத்த திருமேனிகள் பல இன்னும் பாதுகாப்பு மையங்களின் பூட்டுக்குள்ளேயே இருக்கின்றன. லண்டன் அலமாரிக்கும் திருவாரூர்ப் பூட்டறைக்கும் வேறுபாடு என்ன என்று ஊர்க்காரர் கேட்டால் நாம் பதில் சொல்ல வேண்டும்.

அருங்காட்சியகங்கள் உடனே சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு: இங்கே பத்திரமாக இருக்கிறது, அங்கே போர் நடக்கிறது. 2020 நவம்பரில் தொடங்கிய திக்ராய்ப் போர் இந்த வாதத்துக்குத் தீனி போட்டது. மடங்கள் தாக்கப்பட்டதாகவும் கையெழுத்து நூல்கள் திருடி விற்கப்பட்டதாகவும் செய்திகள் வந்தன. தேப்ரே தாமோவின் பெயரும் அவற்றில் இருந்தது. கார்ல்ஸ்ரூஹே பேரவை முடிந்து இரண்டு மாதம் கழித்து, 2022 நவம்பரில் பிரிட்டோரியாவில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆனால் திக்ராய் ஆயர்களுக்கும் தலைமைச் சினோடுக்கும் இடையே விழுந்த பிளவு அந்தக் கையெழுத்தோடு சேரவில்லை.

பத்திரம் என்ற வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் எந்த ஊர் பத்திரம்? 1942 செப்டம்பரில் இதே கார்ல்ஸ்ரூஹேயின் பாடன் மாநில நூலகம் விமானக் குண்டுவீச்சில் எரிந்தது. மூன்றரை லட்சம் நூல்களுக்கு மேல் ஒரே இரவில் சாம்பல். முன்கூட்டியே அப்புறப்படுத்திய கையெழுத்து நூல்கள்தான் தப்பின. அதற்குச் சற்றுக் குறைய நாற்பது ஆண்டு கழித்து, 1981இல், யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள். ஐரோப்பா பத்திரம், ஆப்பிரிக்காவும் ஆசியாவும் ஆபத்து என்பது வரலாறு தெரிந்தவர் பேச்சல்ல. கரிமா நற்செய்தி நூல்கள் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஒரு மலைநாட்டு மடத்தில் பிழைத்திருக்கின்றன. அவற்றைக் காத்தது பூட்டு மட்டுமல்ல. இது நம்முடையது என்று எண்ணிய, தேவைப்பட்டால் ஒளித்துவைக்கத் தயங்காத மனிதர்கள். 2008 ஏப்ரலில் ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது மடு மாதாவைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போன குருமாரும் அப்படிப்பட்டவர்களே.

*

இப்போது நம்மிடம் வருவோம். புலம்பெயர்ந்த நாம் எல்லாரும் நகலோடு வாழ்கிறவர்கள். ஹம் நகரில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரம் எழுப்பியிருக்கிறோம். ஆகஸ்டில் கெவெலாருக்கு யாத்திரை போய் அங்கே இருக்கும் சிறு அச்சுப்படத்து மாதாவிடம் மடுவை நினைத்து அழுகிறோம். பிள்ளைகளுக்கு வார இறுதிப் பள்ளியில் தமிழின் ஒரு நகலைக் கற்றுக்கொடுக்கிறோம். இது அசல் இல்லையே, அங்கே ஊரில் இருப்பதுதானே அசல் என்ற குறை நமக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எத்தியோப்பியக் கலை எனக்குச் சொன்னது இதுதான். ரோமிலிருந்து வந்த தாள் எத்தியோப்பியத் தாயானது, ஏனென்றால் அவள் முன்னால் மக்கள் விழுந்தார்கள், தங்கள் கண்ணை அவளுக்குக் கொடுத்தார்கள். மலைச்சரிவின் சிற்றோடை யோர்தானானது, ஏனென்றால் ஆண்டுதோறும் அங்கே இறங்கினார்கள். ஐரோப்பியன் வரைந்த படம் அவர்களின் காவலானது. மறுபக்கம், அசலான தபோத்துகள் லண்டனில் யாரும் பார்க்காத அறையில் பொருளற்றுக் கிடக்கின்றன. புழங்கும் நகலுக்கு உயிர் உண்டு. புழங்காத அசல் வெறும் பலகை.

ஆனால் இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. நகல் உயிர்பெறும் என்பதால் கொள்ளைபோன அசலைக் கேட்க வேண்டாம் என்று பொருள் இல்லை. எத்தியோப்பியர் தங்கள் தபோத்துகளைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், கேட்கவும் வேண்டும். நீங்கள் லண்டனில் இருந்தால், பிரிட்டிஷ் நூலகத்தின் எத்தியோப்பியக் கையெழுத்து நூல்களைப் பார்க்க வாய்ப்புத் தேடலாம். பாருங்கள். அங்கே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மக்தலாவின் பொற்கிரீடம் இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும்போது கீழே எழுதியிருக்கும் அட்டையை முழுதாகப் படியுங்கள். மலைமேல் பாதை போட்டவர்கள் யார் என்ற விவரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊரில் எத்தியோப்பிய, எரித்திரிய ஆலயங்கள் இருக்கும், வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு ஞாயிறு காலை மக்கள் போவார்கள். திம்கெத் அன்று ஒருமுறை போய் நில்லுங்கள். குடையின் கீழ் மூடிய துணிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் உங்களுக்குக் காட்டமாட்டார்கள். அதைச் சுமந்து நிற்கிற மனிதரின் முகத்தை நீங்கள் பார்க்கலாம்.

அரட்டைப் பெட்டியில் கேள்விகள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.